கைப்பிள்ளைக்காரியின் நடை

 

இந்த மாதம் உங்களோடு பேசும்படி என் உள்ளத்தில் பாரமாய் வந்த பகுதி ஆதியாகமம் 33-ஆம் அதிகாரம், 13, 14 வசனங்கள். வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்க. மடியில் பிள்ளை இருந்து பக்கத்தைக் கிழிக்கிறதா? பரவாயில்லை, பக்கத்து வீட்டு அக்காவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. இந்தச் செய்தியே அதைப் பற்றித்தான்.

யாக்கோபு 20 வருஷம் மாமனார் வீட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறான். வழியில் அண்ணன் ஏசா 400 ஆட்களோடு எதிரே வருகிறான். கொல்ல வருகிறானோ என்று யாக்கோபு நடுங்கினான். வந்தவன் கட்டிப்பிடித்து அழுதான். அழுது முடித்து, வா தம்பி, சேர்ந்தே போகலாம் என்று கூப்பிட்டான். அதற்கு யாக்கோபு சொன்ன பதிலைக் கவனியுங்க. என் பிள்ளைகள் இளசு, ஆடுமாடுகளில் பால் கொடுக்கிறவை இருக்கின்றன, ஒரே ஒரு நாள் அதிகமாய் விரட்டினாலும் மந்தை செத்துப்போகும். நீங்க முன்னால போங்க, நான் இவங்க நடைக்கு ஏற்றபடி பின்னால வருகிறேன் என்கிறான்.

பென்யமீன் அப்போது பிறக்கவே இல்லை. பதினொரு பையன்கள், தீனாள் என்று ஒரு பெண். நாலு தாய்மார். கடைக்குட்டி யோசேப்பு சின்னப் பையன். இத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு நடக்கிறவன் யார்? முந்தின ராத்திரி விடியும்வரை தேவனோடு போராடினவன். ஆசீர்வதித்தாலொழிய விடமாட்டேன் என்று பிடித்தவன். தொடைச்சந்து சுளுக்கி நொண்டி நொண்டி நடக்கிறவன். ராத்திரி முழுவதும் ஜெபத்தில் போராடின மனுஷன், விடிந்தவுடனே பிள்ளைகளின் காலைப் பார்த்து நடந்தான்! பெனியேலில் முகமுகமாய்த் தேவனைக் கண்டவன், அடுத்து குனிந்து பார்த்தது ஒரு குழந்தையின் பாதத்தை. அல்லேலூயா!

நம்ம மங்கலத்தில் ஏசாவின் நடை எப்படிப்பட்டது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பக்கம் தறிச் சத்தம், அந்தப் பக்கம் திருப்பூர் போகிற கம்பெனி வேன். காலை எட்டரைக்குள் உள்ளே நிற்கணும். ஒரு ஷிஃப்ட் என்றால் சாயங்காலம் ஐந்தரை. ஒன்றரை ஷிஃப்ட் என்றால் ராத்திரி எட்டரை, ஒன்பது. ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கும் மேலே. தேனியிலிருந்து, திண்டுக்கல்லிலிருந்து, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருக்கிற சகோதரிகள், இப்போது ஒரிசா, பீகாரிலிருந்து வந்திருக்கிற தாய்மார், எல்லாரும் ஓடுகிற ஓட்டம் அதுதான். சொந்த ஊரில் என்றால் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு அத்தை இருப்பாள், ஒரு பெரியம்மா இருப்பாள். இங்கே பத்துக்குப் பத்து ரூம், பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ், பூட்டின பக்கத்துக் கதவு.

ஏசா கெட்ட எண்ணத்தோடு கூப்பிடவில்லை, அதையும் மறக்காதீங்க. அன்பாய்த்தான் கூப்பிட்டான். ஆனால் 400 ஆண்களின் நடை கைப்பிள்ளைக்காரியின் நடை அல்ல. கம்பெனிக்கு ஆர்டர் முடியணும். வீட்டுக்காரருக்குக் கடன் அடையணும். மாமியாருக்கு, நாங்க அஞ்சு பெத்து வளர்க்கலையா என்று ஒரு கேள்வி. ஏன், சபையே சில நேரம் ஏசா மாதிரி கூப்பிடுகிறது. ஆறு மாதக் குழந்தை வைத்திருக்கிறவளிடம், என்ன சிஸ்டர், முழு இரவு ஜெபத்துக்கு ஆளையே காணோம் என்று கேட்கிற விசுவாசிகள் நம்மிடத்தில் இல்லையா? அவளுக்கு எல்லா இரவும் முழு இரவுதான் என்று எனக்குச் சொல்லத் தோன்றும். நீங்க முன்னால போங்க, நான் பின்னால வர்றேன் என்று சொல்வதற்கு யாக்கோபு வெட்கப்படவில்லை. நீங்களும் வெட்கப்பட வேண்டாம்.

அதே அதிகாரத்தில் 17-ஆம் வசனம். யாக்கோபு சுக்கோத்துக்கு வந்து தனக்கு ஒரு வீடும் மிருகங்களுக்குக் கொட்டகைகளும் போட்டான். அந்த ஊருக்குப் பேர் வந்ததே அந்தக் கொட்டகைகளால்தான். மெதுவாய் நடந்தவன் முதலில் செய்த காரியம், மனுஷருக்கு ஒரு இடம், ஆட்டுக்கு ஒரு இடம் என்று ஒழுங்குபடுத்தினது.

இனி வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன். வீட்டை ஒழுங்காய் வைக்கணும் என்று நான் சொன்னதும் உங்களில் பாதிப்பேருக்கு முகம் வாடுவது இங்கேயே தெரிகிறது. பயப்படாதீங்க. பாத்திரம் பளபளப்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தைப் பாருங்க. புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், ஒருத்தன் விழுந்து அந்த வீட்டின்மேல் இரத்தப்பழி வரக்கூடாது என்று கர்த்தர் சொல்லிவைத்தார். சீனாயில் இடிமுழக்கத்தோடு பேசின தேவன் மாடிச் சுவரைப் பற்றியும் யோசித்திருக்கிறார், பாருங்க. வீட்டு ஒழுங்கின் முதல் நோக்கம் விருந்தாளியின் மெச்சுதல் அல்ல, உயிர்.

நம்ம வீட்டுக்கு எது கைப்பிடிச் சுவர்? முதலாவது தண்ணீர் டிரம்மின் மூடி. நாள் விட்டு நாள் வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்காமல் இங்கே முடியாது. நடை பழகுகிற குழந்தை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழ பெரிய கிணறு தேவையில்லை. பக்கெட்டில் ஒரு சாண் தண்ணீர் போதும், சத்தம்கூடக் கேட்காது. மூடுங்க, மூடிமேல் கல் வையுங்க. ராத்திரி பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்க. டெங்குக் கொசு முட்டையிடுவதும் இப்படிச் சேர்த்துவைக்கிற நல்ல தண்ணீரில்தான் என்பதால் ஒரு மூடிக்கு இரண்டு பிரயோஜனம்.

அடுத்து, கம்பெனி வேலையை வீட்டுக்குக் கொண்டுவருகிற சகோதரிகள். டஜன் கணக்கில் கூலி, பிசிறு வெட்டுகிறீர்கள், பட்டன், லேபிள் எல்லாம் தரையில் கிடக்கிறது. வெட்டுகிற கத்தரியை ஆணியில் மாட்டுங்க, அதுவும் உங்க தலைக்கு மேலே. பட்டனைத் தவழுகிற பிள்ளை வாயில் போடும். பாலிபேக்கை முகத்தில் மாட்டிக்கொண்டு விளையாடும். ஒரு நிமிஷத்தில் மூச்சு முட்டும். ஆகவே பிள்ளை தூங்கும்போது பண்டலைப் பிரியுங்க, எழுந்ததும் கட்டுங்க. ஆசிட், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர், மண்ணெண்ணெய், இதையெல்லாம் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைக்கிற பழக்கத்தை இயேசுவின் நாமத்தில் இன்றைக்கே விட்டுவிடுங்க. தப்பித் தவறிப் பிள்ளை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீங்க, ஏறி வரும்போது நுரையீரலையும் தொண்டையையும் கெடுத்துவிடும். 108-க்குப் போன் போடுங்க, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்க. ஜெபம் பண்ணிக்கொண்டே போங்க, ஆனால் போங்க.

மற்றபடி ஒழுங்கு என்பது சாயங்காலத்தில் தொடங்குகிறது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளையும் சாயங்காலத்தை முதலில் வைத்துத்தானே எண்ணியிருக்கிறது? காலை ஆறு மணிக்கு ஒற்றைச் சாக்ஸைத் தேடுகிற வீட்டில் எரிச்சல் வரும், எரிச்சலில் அடி விழும், அழுகிற பிள்ளை ஸ்கூலுக்குப் போகும், தாய் கம்பெனிக்குப் போய் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவாள். ஒரு பிள்ளைக்கு ஒரு பை, ஒரு ஆணி. ராத்திரியே யூனிபாரம், சிலேட்டு, தண்ணீர் பாட்டில் அந்தப் பையில். வீட்டுச் சாவிக்கும் ரேஷன் கார்டுக்கும் தடுப்பூசி அட்டைக்கும் ஒரே டப்பா. பத்துக்குப் பத்து ரூமில் அலமாரி வைக்க இடம் ஏது? சுவரும் ஆணியும் கொடியும்தான் நமக்கு அலமாரி. கிழிந்த பனியன் வேஸ்ட் இந்த ஊரில் யாருக்கும் பஞ்சமில்லை. மூன்று துணி வெட்டி, ஒன்று அடுப்புக்கு, ஒன்று தரைக்கு, ஒன்று பிள்ளையின் வாய்க்கு என்று நிறம் பிரித்து வையுங்க.

ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் பெருக்கிக் கொடுத்தபோது ஆண்டவர் செய்ததும் இதே மாதிரிதான். முதலில் நூறு நூறு பேராய், ஐம்பது ஐம்பது பேராய் உட்காரவைத்தார் (மாற்கு 6:40). பிறகு அற்புதம். அதற்கும் பிறகு, மிச்சத் துணிக்கைகளைப் பொறுக்கச் சொன்னார். அப்பத்தை வானத்திலிருந்தே வரவழைக்கத் தெரிந்தவர் மிச்சத்தைத் தரையில் விடவில்லை.

இந்த இடத்தில் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தைப் பெண்கள் பகுதி என்று புரட்டிவிடாதீங்க. கடைசிப் பஸ்காவுக்கு இடம் தேடி சீஷர்களை அனுப்பினபோது ஆண்டவர் கொடுத்த அடையாளம் என்ன? தண்ணீர்க்குடம் சுமந்து வருகிற ஒரு மனுஷன் (லூக்கா 22:10). அந்தத் தேசத்தில் தண்ணீர் சுமப்பது பெண்கள் வேலை, ஆகவேதான் ஆயிரம் பேர் கூட்டத்திலும் அவன் தனியாகத் தெரிந்தான். அவனைப் பின்தொடர்ந்து போனால் மேல்வீட்டறை! இன்றைக்கு நம்ம லைன் வீட்டுக் குழாயடியில் ஒரு விசுவாசி குடம் பிடித்துக்கொண்டு நின்றால், ஜனங்கள் சிரித்தாலும் சிரிக்கட்டும், அவர் வீட்டிலே ஆண்டவருக்கு ஒரு மேல்வீட்டறை உண்டு என்று நான் நினைக்கிறேன்.

இப்போது என் மனதில் அதிகமாய் இருக்கிற காரியத்துக்கு வருகிறேன். நம்ம சபையில் ஒரு தங்கை. ஊர் தேனிப் பக்கம். மூத்ததற்கு நாலு வயது, இளையது பதினொரு மாதம். செக்கிங் வேலைக்குத் திரும்பப் போனால்தான் வாடகை கட்ட முடியும் என்கிற நிலைமை. ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து என்னிடம் வந்தாள். அக்கா, ரெண்டு பேரையும் எங்க அம்மாகிட்ட அனுப்பிடலாம்னு இருக்கேன், வருஷத்துக்கு ரெண்டு தரம் போய்ப் பாத்துக்கலாம், கர்த்தருக்குச் சித்தமான்னு ஜெபம் பண்ணுங்க என்றாள். அப்படி அனுப்பினவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வயிறு கட்டின கட்டு அது. ஆனாலும் அந்தத் தங்கையிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். உன் லைனில் எத்தனை வீடு? பன்னிரண்டு. எத்தனை வீட்டுக்காரியின் பேர் உனக்குத் தெரியும்? கொஞ்சம் யோசித்து, மூணு என்றாள்.

மரியாளுக்குத் தேவதூதன் செய்தி சொன்னவுடனே அவள் என்ன செய்தாள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். மலைநாட்டுக்கு விரைந்து போய் எலிசபெத்தின் வீட்டுக்குள் நுழைந்தாள். ஒருத்தி கல்யாணமே முடியாத சின்னப்பெண், மற்றவள் வயது போனபின் ஆறு மாத வயிற்றோடு இருக்கிறவள். மூன்று மாதம் ஏறக்குறைய ஒரே வீட்டில் இருந்தார்கள். பரிசுத்த ஆவியால் நிறைந்தவர்களுக்கே இன்னொரு கர்ப்பவதியின் துணை தேவைப்பட்டது என்றால் நீயும் நானும் எம்மாத்திரம்?

ரூத்தின் புஸ்தகத்தின் கடைசியையும் வாசியுங்க. ரூத்துக்குப் பிள்ளை பிறந்தது. நகோமி அதை மடியில் வைத்து வளர்க்கிற தாயானாள். பேர் வைத்தது யார்? போவாஸ் இல்லை, நகோமி இல்லை. அயல்வீட்டுப் பெண்கள் (ரூத் 4:17)! தாவீதின் தாத்தாவுக்கு ஓபேத் என்று பேர் வைத்தவர்கள் தெருக்காரிகள். அந்தத் தெருவில் ரூத் மோவாபிலிருந்து வந்தவள், வேற்றுப் பாஷைக்காரி. நம்ம லைனில் இருக்கிற ஒரிசா அக்காவை இனி எப்படிப் பார்க்கப் போகிறீர்கள்?

அந்தத் தங்கை போய்க் கதவைத் தட்டினாள். மூன்றாம் வீட்டில் ஒருத்தி ஏழு மாதக் குழந்தையோடு பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள், வெளியே போக வழியில்லாமல். கடைசி வீட்டில் ஒரு அம்மா, பிள்ளைகள் ஹைஸ்கூல் போகிறவர்கள், மதியத்துக்கு மேல் கை ஓய்வு. அந்த அம்மா நம்ம சபையும் இல்லை, எந்தச் சபையும் இல்லை. (எலியாவைப் போஷித்த சாறிபாத் விதவையும் இஸ்ரவேல் இல்லை என்பதைச் சொல்லிவைக்கிறேன்.) மூத்த பிள்ளை அங்கன்வாடிக்குப் போகும், அங்கே சாப்பாடும் முட்டையும் உண்டு. ஆனால் ஷிஃப்ட் முடியும் முன்பே அங்கன்வாடி முடிந்துவிடுமே, அந்த இடைவெளிதான் நம் தாய்மாருக்குக் கண்ணி. கடைசி வீட்டு அம்மா போய்க் கூட்டி வருவார்கள். கைக்குழந்தை மூன்றாம் வீட்டில்.

எல்லாம் சுகமாய் நடந்தது என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். முதல் மாதமே தகராறு வந்தது. தங்கை சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றரை ஷிஃப்ட் நின்றாள். ராத்திரி ஒன்பது மணிவரை இரண்டு கைக்குழந்தை அழுகிறது, மூன்றாம் வீட்டுக்காரர் கோபப்பட்டு, நம்ம வீடென்ன காப்பகமா என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. உபகாரம் ஒரே பக்கமாய் ஓடினால் அது உபகாரமாய் நிலைக்காது. நாங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கினவுடனே குழந்தையைப் பார்த்தவளுக்கு அவள் பங்கு. கூலிக்காரன் தன் கூலிக்குப் பாத்திரன் என்பது பெண்ணுக்கும் சேர்த்துத்தான். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் ஒன்றரை ஷிஃப்ட் இல்லை, அந்த நாளும் முந்தின நாளே சொல்லிவிடணும். பால், மாற்றுத்துணி, மருந்து எல்லாம் தாய்தான் கட்டிக் கொடுக்கணும். ஒருத்தி வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் பேசக்கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் நிறைய ஜெபம் தேவைப்படுகிறது.

எலிசா அந்த விதவையை அயல்வீடுகளில் வெறும்பாத்திரங்கள் இரவல் வாங்கும்படி அனுப்பினார், அதுவும் நிறைய வாங்கச் சொன்னார் (2 இராஜாக்கள் 4). எண்ணெய் அவள் வீட்டிலேதான் இருந்தது. பாத்திரம் பக்கத்து வீட்டில் இருந்தது. கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் ஒரு குடத்தோடு எண்ணெய் நின்றிருக்கும்.

உற்சாகப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் செய்கிற ஒரு காரியத்தை இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறோம். நுழைந்தவுடனே கண் மூலைக்குப் போகிறது. துவைக்காத துணி, கழுவாத பாத்திரம். அப்புறம் புத்திமதி. சகோதரி, யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நீங்கள் போனால் துணியை அலசிப் போட்டுவிட்டு வாங்க. பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு, நீ தூங்கு கண்ணு என்று சொல்லுங்க. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடவைத்தான். ஓரேபின் மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

பிரசவமானபின் சில தாய்மார் காரணமில்லாமல் அழுவார்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். அதற்குமேலும் அழுகை நிற்காமல், தூக்கம் வராமல், பிள்ளையைத் தொடவே பிடிக்காமல், செத்துப்போகலாம் என்று பேசினால், அதைப் பிசாசு என்று உடனே முடிவுகட்டாதீங்க, விசுவாசக் குறைவு என்றும் சொல்லாதீங்க. அது பிரசவத்தை ஒட்டி வருகிற ஒரு வியாதி, வைத்தியத்துக்குக் குணமாகிற வியாதி. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் சொல்லுங்க, டாக்டரிடம் கூட்டிப்போங்க, அவளைத் தனியாக விடாதீங்க. ஜெபிக்கிறவர்கள் கூடவே போய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கலாம். லூக்காவும் வைத்தியர்தானே.

ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா வெஸ்லியைப் பற்றி நம்ம மேடைகளில் அடிக்கடி சொல்வோம். 19 பிள்ளைகள் பெற்று, அதில் ஒன்பதைக் குழந்தையிலேயே மண்ணுக்குக் கொடுத்த தாய். அந்த வீட்டின் கால ஒழுங்கைச் சொல்லி நம்மைப் பயமுறுத்துவார்கள். வேலைக்காரிகள் வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை! எனக்கு அந்த ஒழுங்கைவிட அதிகம் பிடித்தது வேறு. 1709-ல் எப்வொர்த்தில் அவர்கள் வீடு எரிந்துபோனது. பிள்ளைகளைப் பல வீடுகளுக்குப் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. பழக்கிவைத்த நல்ல பழக்கமெல்லாம் அங்கே கெட்டுப்போயிற்று என்று அந்தத் தாய் 1732-ல் மகன் ஜானுக்கு எழுதின கடிதத்தில் வருத்தத்தோடு சொல்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு சாயங்காலம் தனியாய் ஒதுக்கினார்கள். ஜானுக்கு வியாழக்கிழமை. பெரியவனாகிக் கல்லூரி வேலையில் இருந்தபோதும் அந்த வியாழக்கிழமைக்காக அவர் ஏங்கினார். அடுக்கி வைத்த வீட்டை அவர் நினைத்து ஏங்கவில்லை, அம்மா முகத்தை நினைத்தார். ஒரு சாயங்காலம் நம்மால் முடியாவிட்டால் பத்து நிமிஷம், அரிசி களையும்போது ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசலாமே.

இங்கிலாந்திலேயே இன்னொரு தாய், மேரி சம்னர். 1876-ல், தன் மகள் முதல் பிள்ளையை வைத்துக்கொண்டு திகைப்பதைப் பார்த்து, ஊரில் இருக்கிற ஏழை, பணக்காரத் தாய்மார் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். வந்த கூட்டத்தைப் பார்த்ததும் நாவெழவில்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் பேசினார். அன்னையர் சங்கம் என்று பல நாடுகளில் நடக்கிற ஐக்கியம் அப்படிப் பிறந்தது. ஆகவே, எனக்குப் பேச வராது அக்கா என்று எவரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

கேட்கவேண்டியதைக் கேட்கவும் தைரியம் வேண்டும். செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கு முன்பாக, ஆசரிப்புக் கூடார வாசலில் நின்று தங்கள் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார் (எண்ணாகமம் 27). 2017-ல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தினபோது, 50 பேரோ அதற்குமேலோ வேலைசெய்கிற இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தரம் போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம், முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று வைத்தார்கள். 2020-ல் இயற்றின சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடுகள் இருக்கின்றன. உங்கள் கம்பெனியில் காப்பகம் இருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா, திறந்திருந்தால் அதில் பார்த்துக்கொள்ள ஆயா இருக்கிறாளா? தனியாகப் போய்க் கேட்டால் பயமாய் இருக்கும். செலோப்பியாத்தின் பிள்ளைகள் ஐந்து பேராய்ப் போனார்கள்.

தங்கையின் பிள்ளைகள் இப்போதைக்கு மங்கலத்தில்தான் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் பேசி முடிவுசெய்கிறேன் என்றிருக்கிறாள். எந்த முடிவு எடுத்தாலும் அவளுக்காக ஜெபியுங்கள். கைக்குழந்தை எழுந்து நிற்கப் பழகிவிட்டது. மூன்றாம் வீட்டில் டிரம் மூடிமேல் இப்போது இரண்டு கல் இருக்கிறது.

இதே லைனுக்குப் பின்னால் இருக்கிற வரிசையில் இரண்டு தாய்மார், இரண்டு பேருக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை உடைய, மதியத்துக்குமேல் வீட்டில் இருக்கிற சகோதரி ஒருவர் தேவை. தாய்மார் ஜெபக்கூட்டம் இனி வியாழக்கிழமை ராத்திரி வேண்டாம் என்று மாற்றி, ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் முக்கால் மணி நேரம் வைத்திருக்கிறோம். பாய் விரித்திருக்கும், தொட்டில் ஒன்று கட்டியிருக்கும், சுக்குக் காப்பி உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே வாங்க. அழுதால் அழட்டும்.